ஒரு வீட்டுக்கு எத்தனை டியூப்?

சிரங்குக்கு மருந்து தேடி வருபவர்களை அவர்கள் கடைப் படியேறும்போதே அடையாளம் கண்டுகொள்வேன். மற்றவர்கள் போகும்வரை சத்துமாப் பெட்டிகளையும் பற்பசை உறைகளையும் கருத்தூன்றிப் படித்துக்கொண்டு நிற்பார்கள். கடை வெறிச்சோடியதும் மேசைக்கு வந்து, "தோலுக்கு ஏதாவது கிறீம் இருக்கிறதா பிள்ளை?" என்பார்கள். யாருக்கு என்று கேட்டால் பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதையைச் சொல்லும்போதே இவர்களுடைய வலக்கைப் பெருவிரல் இடக்கை விரலிடுக்கைச் சொறிந்துகொண்டிருக்கும்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக இருக்கிறேன். உப்புவெளி, சல்லி, நிலாவெளி, பாலையூற்று, தம்பலகாமம், கிண்ணியா என்று நாலா பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருகிற கடை. சர்க்கரை, பிரஷர், நெஞ்செரிவு எல்லாவற்றையும் உரத்த குரலில் சொல்வார்கள். மூலத்தைக்கூடச் சொல்லிவிடுவார்கள். சிரங்கும் பேனும் மட்டும் காதோடு காதாக வரும். அந்த இரகசியம் எனக்குப் பழகிவிட்டது. அதற்கு அடுத்து வருகிற "ஒரு டியூப் போதும்" என்ற பேச்சுத்தான் இன்னும் பழகவில்லை.

போதாது. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பேன். ஆறு பேர் என்பார்கள். எத்தனை பேருக்குக் கடிக்கிறது, அதாவது அரிக்கிறது? "சின்னவனுக்கு மட்டும்தான்." அந்த 'மட்டும்தான்' உடன் எனக்கு நெடுநாள் சண்டை.

சிரங்குப் பூச்சி மிகச் சிறியது. பெண் பூச்சியின் நீளமே 0.3 முதல் 0.45 மில்லிமீற்றர்தான். தோலின் மேலடுக்கில் சுரங்கம் தோண்டிக்கொண்டு, நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இட்டபடி முன்னேறும். ஒன்றிரண்டு மாதம் உயிர் வாழும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரிக்கும், குஞ்சு 10 முதல் 14 நாளில் முழுப் பூச்சியாகும். ஆனால் நம்மை இரவில் தூங்கவிடாத அந்தக் கடி, பூச்சி தோண்டுவதால் வருவதல்ல. பூச்சிக்கும் அதன் முட்டைக்கும் கழிவுக்கும் எதிராக நம் உடம்பு காட்டும் ஒவ்வாமை அது. முதன்முறை தொற்றுகிறவருக்கு அந்த ஒவ்வாமை உருவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அத்தனை நாளும் கடி இராது, ஆனால் பூச்சி அடுத்தவருக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவருக்கு ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கடி தொடங்கிவிடும்.

ஆகவே சின்னவன் சொறியத் தொடங்குகிற நாளில், அவனோடு ஒரே பாயில் படுக்கிற அக்காவுக்கும், அவனை இடுப்பில் சுமக்கிற அம்மம்மாவுக்கும் பூச்சி பெரும்பாலும் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு அது இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான். சின்னவனுக்கு மட்டும் மருந்து பூசினால் அவன் சுகமாகிற வாரத்தில் அக்கா சொறியத் தொடங்குவாள். அக்காவுக்குப் பூசி முடிக்கும்போது சின்னவனுக்குத் திரும்பி வந்திருக்கும். பிறகு கடைக்கு வந்து, "நீங்கள் தந்த மருந்து சரியில்லை" என்பார்கள். மருந்தில் பிழை இல்லை. ஒரே கூரையின் கீழ் படுக்கிற அத்தனை பேரும், கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரே இரவில் பூச வேண்டும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு பேருக்கான மருந்து, அதுவும் இரண்டு தடவைக்கு. இந்தக் கணக்கைக் கேட்டதும் முகம் மாறும். எனக்கு அந்த முகம் விளங்குகிறது. அதனால்தான் முதலில் வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ குடும்பத்தோடு போகச் சொல்கிறேன். குடும்ப நல உத்தியோகத்தரிடம் வாய் திறந்து சொன்னாலே பாதி வழி திறந்துவிடும். என் முதலாளி இதைப் படிக்கமாட்டார் என்ற துணிவில் எழுதுகிறேன்.

இன்று அதிகம் புழங்குவது 5 சதவீத பெர்மெத்ரின் கிறீம். பைரித்ரம் என்ற சாமந்தி இனப் பூவில் இருக்கும் பூச்சிக்கொல்லிப் பொருளைப் பார்த்து ஆய்வுகூடத்தில் செய்தது. இங்கிலாந்தின் ரொதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1973இல் உருவானது. மலேரியாவைத் தடுக்க உலகெங்கும் கொடுக்கப்படுகிற மருந்து தோய்த்த வலைகளும் இந்தக் குடும்பத்து மருந்துகளில் தோய்த்தவைதான். பூச்சியின் நரம்பைச் செயலிழக்கச் செய்யும்; நம் தோல் வழியே உள்ளே போவதோ மிகச் சொற்பம், அதையும் உடம்பு விரைவில் சிதைத்துவிடும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் வேண்டும். பெரிய உடம்பென்றால் 60 கிராம் வரை போகும். நம்மவர்கள் பூசும் முறைக்கு ஒரு டியூப் ஒரு மாதம் வரும், ஏனென்றால் கொப்புளம் தெரிகிற இடத்தில் மட்டும் குங்குமம் வைப்பதுபோல் தொட்டு வைக்கிறார்கள்.

கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, தெரிகிற தோல் தெரியாத தோல் எல்லாவற்றிலும் போக வேண்டும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், இடுப்பில் சாறம் இறுக்கும் இடம், மார்பின் கீழ், பிட்டம், பிறப்புறுப்பு, கால்விரலிடுக்கு. நகத்தை ஒட்ட வெட்டி, நகக்கண்ணிலும் தேய்க்க வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கண்ணையும் வாயையும் விட்டு முகத்திலும் தலையிலும்கூடப் பூசச் சொல்வார்கள். சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்து பூசக்கூடாது; தோல் குளிர்ந்து காய்ந்திருக்க வேண்டும். 8 முதல் 14 மணித்தியாலம் உடம்பில் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிகளுக்கும் என் போன்றவர்களிடம் கேட்காமல் வைத்தியரிடமே போக வேண்டும். அவர்களுக்குக் கந்தகக் களிம்பு போன்ற வேறு வழிகளும் இருக்கின்றன.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் இந்த அறிவுரையை நுழைத்துப் பாருங்கள். முதல் கேள்வி: முதுகுக்கு யார் பூசுவது? கணவன் மனைவிக்குச் சிக்கல் இல்லை. தாய் பிள்ளைகளுக்குப் பூசிவிடுவாள். தனியறையில் படுக்கிற விதவை மாமிக்கு? பதினாறு வயது மகனுக்கு? "எனக்கொன்றும் கடிக்கவில்லை, என்னை விட்டுவிடுங்கள்" என்று அம்மம்மா பாயை உதறிப் போட்டுப் படுத்துவிடுவார். அந்த ஒரு முதுகில் தங்கியிருப்பது போதும், வீடு முழுக்க மறுபடி தொடங்க. ஓர் அக்கா, மாமியாருக்குப் பூசுவதற்காகப் பழைய துணியைக் கரண்டிக் காம்பில் சுற்றிக் கொடுத்ததாகச் சொன்னார். பாட நூலில் இல்லாத வழி. ஆனால் மாமியாரின் மானமும் காப்பாற்றப்பட்டது, முதுகும் மருந்துக்குத் தப்பவில்லை.

இரண்டாவது, தண்ணீர். விடியற்காலை நான்கு மணிக்குத் தோய்ந்துவிட்டுக் கோணேசர் கோயிலுக்குப் புறப்படுகிற பெரியவர் இரவு பத்து மணிக்குப் பூசினால் ஆறு மணித்தியாலத்தில் மருந்து கிணற்றடியோடு போய்விடும். அவரை எட்டு மணிக்குள் பூசிக்கொள்ளச் சொல்வேன். கிண்ணியாவிலிருந்து வருகிறவர்கள் சுபஹுத் தொழுகைக்கு ஒளு செய்யும்போது கையும் காலும் கழுவப்படும். கழுவிய இடத்தில் திரும்பப் பூசினால் போதும் என்றால் நிம்மதியாகத் தலையசைப்பார்கள். பாலூட்டும் தாய் மார்பைக் கழுவிவிட்டுப் பால் கொடுத்து, மறுபடி பூச வேண்டும். சோறு பிசைந்து ஊட்டிய கையும் அப்படியே.

மூன்றாவது, கடல். சல்லியில், நிலாவெளியில் இரவு தொழிலுக்குப் போகிற ஆண்கள் வீட்டார் பூசுகிற இரவில் வீட்டிலேயே இருப்பதில்லை. கரையில் மீனவர் தங்கும் கொட்டிலான வாடியில் நெருக்கியடித்துப் படுத்து எழும்பி வருகிறவர்கள் அவர்கள்தான். உப்புத் தண்ணீரே சிரங்கைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கை வேறு. கொல்லாது, புண்ணில் எரியும், அந்த எரிச்சலைத்தான் மருந்தென்று நினைக்கிறார்கள். நிலவு காலத்திலோ வாடைக்காற்றில் படகு கரையேறியிருக்கும்போதோ ஒரு இரவைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்வேன். ஆனால் வாடைக்காலத்தில் மழை. துணி காயாது, எல்லோரும் ஒரே அறைக்குள் ஒண்டிக் கிடப்பார்கள், பூச்சிக்கும் அதுதான் வசதி. எது முந்தும் என்று பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

ஏழாம் நாள் மறுபடி எல்லோரும் பூச வேண்டும். முதல் இரவில் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரித்திருக்கும். பொரித்தவை முட்டையிடத் தொடங்கும் முன் பிடிக்க வேண்டும். இந்த இரண்டாம் இரவைத்தான் மக்கள் விட்டுவிடுகிறார்கள். கடி குறைந்ததும் டியூபில் மீந்ததை அலுமாரியில் வைத்துவிடுவார்கள்.

துணியைப் பற்றி என்னிடம் கேட்கப்படும் கேள்விகளுக்கு அளவேயில்லை. பாயைக் கொளுத்தவா, மெத்தையை எறியவா, சுவருக்கு வெள்ளையடிக்கவா? இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட அதே போர்க்காலத்தில், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கெனத் மெலன்பி என்ற பூச்சியியலாளர் சிரங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். படையில் சேர மனச்சாட்சி இடம் கொடுக்காத இளைஞர்கள் தாமாக முன்வந்து அவருக்கு உடம்பைக் கொடுத்தார்கள். சிரங்குள்ள படைவீரர்கள் போட்டுக் கழற்றிய உள்ளாடைகளை அணிந்தார்கள், அவர்கள் போர்த்திய கம்பளிகளுக்குள் படுத்தார்கள். மிகச் சிலருக்குத்தான் தொற்றியது. நோயுள்ளவரோடு ஒரே படுக்கையில் தோலோடு தோல் படப் படுத்தபோதுதான் தொற்று எளிதில் வந்தது. சாதாரண நோயாளி ஒருவரின் உடம்பில் சராசரியாக 11 பெண் பூச்சிகள் மட்டுமே இருப்பதையும் எண்ணிக் காட்டினார். உடம்பு முழுக்கப் பூச்சி ஊர்வதாக நினைத்து வெறுக்கும் நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் ஆறுதல்.

மனிதத் தோலை விட்டுப் பிரிந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே கடந்த மூன்று நாளில் உடுத்த துணி, துவாய், போர்வை, தலையணை உறை ஆகியவற்றைச் சுடுதண்ணீரில் துவைத்து நன்றாகக் காயப் போட்டால் போதும். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். பாயைக் கொளுத்த வேண்டாம். பாயைக் கொளுத்தும் வீடுகளில்தான் அம்மம்மாவின் முதுகு பூசப்படாமல் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. முதுமையாலோ வேறு நோயாலோ எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குத் தடித்த பொருக்குப் படையோடு வரும் சிரங்கு வேறு வகை. அதில் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும், துணியும் கதிரையும்கூடத் தொற்றும், கிறீம் மட்டும் போதாது. அதற்கு வைத்தியசாலைதான்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் தோல் வருத்தம் என்றாலே யாராவது ஒருவர் அங்கே கூட்டிப் போகச் சொல்வார். ஏழு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியில் அள்ளி ஊற்றும்போது உடம்பு அலுப்பெல்லாம் கழன்றுவிடும். எனக்கும் பிடித்த இடம். சிரங்குப் பூச்சியைக் கொல்ல 50 பாகை வெப்பம் பத்து நிமிடம் வேண்டும். அந்தச் சூட்டில் குளித்தால் பூச்சிக்கு முன் ஆள் வெந்துவிடுவார். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவதை அவ்வளவு எளிதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. 1992இல் வெளியான ஒரு தமிழ்நாட்டு ஆய்வில் 814 பேருக்கு அதைப் பூசி 97 சதவீதம் பேர் குணமானதாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது முன்னோடி ஆய்வு மட்டுமே. பெர்மெத்ரின் கையில் கிடைக்கும்போது நான் வேப்பிலையை நம்பிப் பிள்ளையை வைத்திருக்கமாட்டேன்.

மூத்தவர்களுக்கு நினைவிருப்பது பென்சைல் பென்சோயேட் என்ற பால்போன்ற நீர்மருந்து. கொட்டில்களும் கூடாரங்களுமாக நலன்புரி முகாம்களில் குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் அதன் மணத்தை இன்றும் மறக்கவில்லை. வளர்ந்தவர்களுக்கு 25 சதவீதம். பிள்ளைகளுக்கு நீர்த்துப் பூச வேண்டும். சொறிந்த இடத்தில் பட்டால் எரியும். மலிவானது, சரியாகப் பூசினால் வேலை செய்யும். எரிச்சலுக்குப் பயந்து பாதியில் நிறுத்துவதுதான் அதன் குறை.

கிறீமுக்குப் பதிலாக விழுங்கும் குளிசையும் உண்டு: ஐவர்மெக்டின். 2015இல் வெளியான பிஜித் தீவு ஆய்வில் மூன்று சமூகங்களை ஒப்பிட்டார்கள். எல்லோருக்கும் பெர்மெத்ரின் பூசக் கொடுத்த இடத்தில் சிரங்கு 62 சதவீதம் குறைந்தது. எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்த இடத்தில் 94 சதவீதம். என் வாசிப்பு இது: குளிசையைக் கண்முன்னே விழுங்க வைக்கலாம், முதுகில் பூசினார்களா என்று யாரும் கூடவிருந்து பார்க்க முடியாது. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் அதைக் கொடுப்பதில்லை, வைத்தியர் எழுதாமல் நான் தருவதுமில்லை.

சரியாகப் பூசி முடித்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் கடி இருக்கும். செத்த பூச்சியும் அதன் கழிவும் தோலோடு கழன்று போக அவ்வளவு நாள் எடுக்கும். இதைச் சொல்லி அனுப்பாவிட்டால் நாள்தோறும் கிறீமைப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள். அதைவிட மோசம், யாரோ கொடுத்த ஸ்டீரொய்ட் கலந்த கிறீம். பூசியதும் சிவப்பு மறையும், கடி அடங்கும், பூச்சி உள்ளே பெருகும். பிறகு வைத்தியருக்கே பார்த்தவுடன் பிடிபடாத உருவத்தில் அது வரும். எந்தச் சொறிக்கும் அந்த ஒரே கலவைக் கிறீமை எடுத்து நீட்டுகிற கடைகள் இருக்கின்றன. பெயர் சொல்லமாட்டேன், என் கோபம் குறையவும் இல்லை.

சொறிந்த புண்ணில் கிருமி ஏறினால் இது வெறும் தோல் வியாதியாக நிற்காது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி தொற்றிய பிள்ளைகள் சிலருக்குச் சில வாரம் கழித்துச் சிறுநீரகம் அழற்சியாகும். காலையில் முகம் வீங்கி, சிறுநீர் கறுத்துப் போனால் கடைக்கு வராமல் நேரே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். உலக சுகாதார அமைப்பு 2017இல் சிரங்கைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது சும்மா இல்லை.

பேன் இவ்வளவு பொல்லாதது அல்ல. தலைப்பேன் எந்த நோயையும் கொண்டுவருவதில்லை. தாவாது, பறக்காது, தலை தலையோடு பட்டால்தான் போகும். இருந்தும் நம் பள்ளிக்கூடங்கள் அதைக் குற்றமாக நடத்துகின்றன. வகுப்பின் முன் ஒரு பெண் பிள்ளையை எழுப்பி, பேன் போகும்வரை வரவேண்டாம் என்று ஓர் ஆசிரியை அனுப்பிவிட, அந்தப் பிள்ளையின் தாய் என் கடையில் அழுதார். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்பார்களே, அது அந்த வகுப்பறையில் நடந்தது. பேன் உள்ள பிள்ளையை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை என்பதே பிள்ளை மருத்துவர்களின் நிலைப்பாடு.

இதற்கும் பெர்மெத்ரின்தான், ஆனால் 1 சதவீத லோஷன். தலை முழுகித் துவட்டிய ஈரமுடியில் பூசி, பத்து நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். வீட்டில் மீந்த சிரங்குக் கிறீமைத் தலைக்கும், பேன் லோஷனை உடம்புக்கும் மாற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்; பலமும் வேறு, வைத்திருக்கும் நேரமும் வேறு. மருந்து ஈரைச் சரியாகக் கொல்லாது. அது ஏழு முதல் பத்து நாளில் பொரிக்கும், ஆகவே ஒன்பதாம் நாள் மறுபடி. முடியில் ஆறு மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி ஒட்டியிருப்பவை பெரும்பாலும் வெறும் கோதுகள், அவற்றைக் கண்டு பதற வேண்டாம். பூசிய மறுநாளும் பேன் சுறுசுறுப்பாக ஓடினால் அது மருந்துக்குப் பழகிய பேன்; அதே போத்தலை மூன்றாம் தடவை ஊற்றாமல் டைமெத்திகோன் போல பேனை மூடித் திணறடிக்கிற வகைக்கு மாற வேண்டும். மருந்தே வேண்டாம் என்பவர்கள் ஈரமுடியில் எண்ணெய் தடவி, நுண்பல் பேன் சீப்பால் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை இரண்டு வாரம் வாரலாம். பொறுமை வேண்டும், ஆனால் செலவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே பேன் பார்க்கிற பெண்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதுமில்லை.

மண்ணெண்ணெய் மட்டும் வேண்டாம். தோல் வெந்துபோகும், அருகே அடுப்பு இருந்தால் முடியே பற்றும். வயலுக்கு அடிக்கும் மருந்தும் வேண்டாம். மலத்தியோன் 0.5 சதவீதத்தில் பேன் மருந்தாக இருப்பது உண்மை. ஆனால் தம்பலகாமத்து வயல் வீடுகளில் இருக்கும் போத்தல் அதைப்போல் பல மடங்கு செறிவு. அது தலைத்தோல் வழியே பிள்ளையின் மூச்சை நிறுத்தக்கூடும்.

கடைசியாக, பூனை வளர்ப்பவர்களுக்கு. மனிதச் சிரங்கு பூனைக்கும் நாய்க்கும் தொற்றாது, அவற்றுக்கு நம் கிறீமைப் பூசவே கூடாது. பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பூசிய இரவில் பூனை உங்கள் கையை நக்காமலும் பாயில் வந்து படுக்காமலும் வெளியே விட்டுக் கதவைச் சாத்துங்கள். காலையில் குளித்துவிட்டு உள்ளே எடுக்கலாம்.